அஸ்ஹரின் கிணற்றுத் தண்ணீர்

முகம் கழுவப் போனவளின் உதட்டில் தண்ணீர் பட்டதும் கரித்தது. ஹிமாயா வாளியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை அள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். உப்பேதான். ஐஸ் ஆலைக் கிணறு சுனாமியோடு கெட்டுப்போனது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாலரை வருடமாகக் குடிக்கவும் சமைக்கவும் பவுசர் வண்டியில் வரும் தண்ணீர்தான். அவளுக்கும் தெரியாததல்ல. கணினிக்கு முன்னால் உட்கார்ந்தபோது அந்த நினைப்பு எங்கே போய்த் தொலைந்ததோ!

யுத்தம் முடிந்து ஒரு மாதம். கடல் கட்டுப்பாடு தளர்ந்தால் மீன் கூடும், ஐஸ் வேண்டும் என்று அவளுடைய வாப்பா முகம்மது தம்பி ஆலையை மறுபடி திறக்க நினைத்தார். ஆலை என்று மிஞ்சியிருந்தது கொண்டென்சர் ஒன்றுதான். ஆள் நீளத்தைத் தாண்டிய இரும்பு உருளை, உள்ளே நூற்றிருபது குழாய்கள்; குழாய்க்குள் ஓடும் கிணற்றுத் தண்ணீர், வெளியே நிற்கும் அமோனியாவின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அதைத் தேடி வாங்கிப் பூட்டியவன் அவளுடைய அண்ணன், அஸ்ஹர் காக்கா. அலை வந்த ஞாயிறு காலை அவன் ஆலைக்குள்தான் நின்றான். சுவர் போனது, கூரை போனது, அவனும் போனான், மையித்துக்கூடக் கிடைக்கவில்லை. உருளை மட்டும் கொங்கிறீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. குளிப்பாட்டவும் கபனிடவும் மகன் கிடைக்காத மனிதர், வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு முன் வந்து அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூரிகை விட்டுத் தேய்த்தார். ஏனென்று யாரும் கேட்டதில்லை.

"இது இன்னும் ஓடுமா எண்டு உன்ட படிப்பால பாத்துச் சொல்லு மகள்" என்று அவர் கேட்டபோது, பேராதனையில் இரசாயனப் பொறியியல் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. மென்பொருளில் அந்த வெப்பப் பரிமாற்றியை அப்படியே கட்டினாள். தண்ணீர் விபரத்துக்குக் காக்காவின் பழைய கொப்பி இருந்தது. இருபத்தேழரைப் பாகை, நல்ல தண்ணீர், குழாயில் படிவு இல்லை என்று அவன் கையெழுத்தில். படிவுக்கான கட்டத்தில் பூச்சியத்தைப் போட்டாள். நாளைக்கு எண்பது கட்டி ஐஸ் போடலாம் என்று வந்தது. தொலைபேசியில் சொன்னபோது வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். அடுத்த நாளே படகுக்காரர் புண்ணியமூர்த்தியிடமும் ஐஸ் தருவதாகச் சொல்லிவிட்டாராம்.

இப்போது ஊருக்கு வந்து, ஆலைத் தரையில் மடிக்கணினியை வைத்து, உப்புத் தண்ணீரையும் அதன் படிவையும் போட்டுப் பார்த்தாள். இருபத்தொன்பது கட்டி. அதுவும் ஒரு வருடம். பிறகு குழாய் உக்கிவிடும். ஓட்டத்தைக் கூட்டினாள், குறைத்தாள். எண் அசைவதாக இல்லை. காக்காவை இரண்டாம் முறையும் கடலுக்குக் கொடுப்பதுபோல இருந்தது.

"வாப்பா, நான் பிழை விட்டுட்டன். கிணறு உப்பு. இது ஓடாது."

குழாய்க்குள் வாப்பாவின் தூரிகை நிற்கவில்லை. "உப்பெண்டு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"அவன்ட பேரில ஒரு நல்ல செய்தி வந்தது அண்டைக்குத்தான் மகள். அதுக்குள்ள நான் எப்பிடி உப்பக் கதைக்கிற?"

அவள் மடிக்கணினியை மூடப் போனாள். அவர் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார்.

"புண்ணியமூர்த்திக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். நீ காக்காட தண்ணியில ஓடுதெண்டாயே, அதக் காட்டு."

படிவை அழித்து மறுபடி பூச்சியத்தைப் போட்டாள். திரையில் கோடுகள் பச்சையாயின.

"தண்ணி எங்க?"

"இஞ்சால போகுது வாப்பா. சூட எடுத்துக்கொண்டு அங்கால வருது."

அவர் விரலால் அந்தக் கோட்டின் மேலேயே மெதுவாகப் போனார். கோடு முடிந்த இடத்தில் விரல் திரையைத் தாண்டி, கணினியின் ஓரத்தில் காற்று வெளியேறும் துவாரத்துக்கு வந்து நின்றது. உள்ளங்கையை அதற்கு எதிரே விரித்துப் பிடித்தார்.

"ஓம், சூடு வருது" என்றார். கையை எடுக்கவில்லை.