இடது கையில் ஏழு சாவி

உள்ளங்கையில் குத்திக்கொண்டிருப்பது சாவிதான், கண்ணைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது, ஏழு சாவி, உரக்கடை ஷட்டருக்கு இரண்டு, குடோனுக்கு ஒன்று, பீரோவுக்கு ஒன்று, மற்ற மூன்றும் எந்தப் பூட்டுக்கு என்று அண்ணனுக்கே தெரியாது, அத்தனையையும் என் கைக்குள் திணித்து, விரல்களை அதன்மேல் மடக்கி, தன் கையால் இறுக்கிக்கொண்டு, விடாத, இரும்ப விடாதட்டி என்று சொல்லிக்கொண்டிருக்கிறான் சங்கரபாண்டியன், என் கூடப்பிறந்தவன், எட்டு வயது மூத்தவன், நான் தரையில் கிடக்கிறேன், வாயில் நுரையும் ரத்தமும், உடுத்தியது எங்கே விலகியிருக்கிறதோ, சுற்றிலும் கால்கள், இது பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக் காலை வணக்கத்தில் விழுந்த நாளா, போன மாதம் ரேஷன் கடை வரிசையில் விழுந்த நாளா, எல்லாத் தரையும் ஒரே தரைதான், பாவம் என்கிறது ஒரு பெண் குரல், எழுந்திருக்க மட்டும் முடிந்தால் முதலில் அந்தப் பாவத்தின் வாயில் ஒன்று போடுவேன். முதல் தடவை சாவி வைத்தவர் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், என்னைக் கொண்டுவிட வந்திருந்த அண்ணன் அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான், அன்றைக்குக் கற்றதுதான், இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கொத்து அவன் சட்டைப் பையைவிட்டு இறங்கியதில்லை.

வருவது எனக்குத் தெரியும், யாரும் கேட்டதில்லை, ஆனால் தெரியும், பொருட்காட்சி ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது அடிவயிறு எழும்புமே, அப்படி ஒன்று எழும்பி நெஞ்சுக்கு வரும், புது இடம்கூட முன்பே வந்துபோன இடமாகத் தெரியும், பிறகு இடது கை என் பேச்சைக் கேட்காது, முறுக்கிக்கொண்டு தானாக மடங்கும், அதற்கப்புறம் நான் இல்லை, நான் இல்லாத நேரத்தில் என் உடம்பை ஊரே பார்க்கும். எங்கள் ஊர் டாக்டர் பதினாறு வருஷமாக என் முகத்தைப் பார்த்ததில்லை, சீட்டைத்தான் பார்ப்பார், எத்தன தடவ வந்துச்சு என்று அண்ணனைக் கேட்பார், மூணு சார் என்பான் அண்ணன், வியாதி எனக்கு, வாய் அவனுக்கு, இன்னொரு மாத்திர சேத்திருக்கேன், மறக்காமப் போடச் சொல்லுங்க என்பார், மறந்தேனாம், ஒரு வேளைகூட மறந்ததில்லை, ஈறு வீங்கியது, முடி கொத்துக் கொத்தாக வந்தது, காலையில் எழுந்தால் தலை ஊறப்போட்ட அரிசி மாதிரி கனத்தது, வலிப்பு மட்டும் அதன் பாட்டுக்கு வந்துபோனது. நான் பாடம் சொன்ன மூன்றாம் வகுப்பில் கரும்பலகைக்குக் கீழே விழுந்து விழித்தபோது பிள்ளைகள் எல்லாம் காம்பஸ் டப்பாவை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், இரும்பு மிஸ், பிடிச்சுக்கோங்க மிஸ், அழுகை வந்தது எனக்கு, மறுநாள் தலைமையாசிரியை, ஒடம்பு தேறட்டும்மா, சொல்லி அனுப்புறேன் என்றார், ஒன்பது வருஷம் ஆகிறது, இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார், நல்லா இருக்கட்டும். அதே வாரம் அண்ணன் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினான், நான் உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றால் வெளியிலிருந்து இருமுவான், நானும் இரும வேண்டும், இருமாவிட்டால் கதவைத் தள்ளுவான், இப்படியும் ஒரு பிழைப்பு, தூ.

மருந்துக்கடையில் இருக்கும் பெண்தான் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாலு மாத்திர போட்டும் நிக்கலையாக்கா, மதுரையில வலிப்புக்குன்னே படிச்ச டாக்டர் இருக்காங்களே, போகலியா என்றது, எத்தனை சாதாரணமாகக் கேட்டது, வீட்டில் சொன்னேன், நம்ம டாக்டரு கோவிச்சுக்குவாருட்டி என்றான் அண்ணன், அவரக் கட்டிக்கிட்டு நீயே அழு, எனக்கு வழிய விடு என்று கத்தினேன், மூன்று நாள் நான் சோறு எடுக்கவில்லை, நான்காம் நாள் அண்ணன் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் எனக்கு முன்னால் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தான், விழுந்தால் கம்பியில் இடிக்கும் என்று பிறகு என்னை உள்பக்கம் மாற்றினான்.

மதுரையில் டாக்டர் எப்சிபா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார், அண்ணன் வாயைத் திறந்தான், நீங்க இருங்க சார், அவங்க சொல்லட்டும் என்றார், இத்தனை வருஷம் யாரும் கேட்காத கேள்வி, ராட்டினத்தில் தொடங்கினேன், வந்துபோன இடத்தைச் சொன்னேன், கையைச் சொன்னேன், கையக் காட்டுங்க என்றார், இரண்டையும் விரித்தேன், இடது உள்ளங்கை முழுக்கத் தழும்பு, வலது கை வெறுங்கை, ஏன் இந்தக் கையில மட்டும் இருக்கு என்று கேட்டார், மடங்குற கையிலதான மேடம் வைக்க முடியும் என்றான் அண்ணன், எப்பவுமே இடதுதானா, எப்பவுமே மேடம், ஒரு தடவகூட மாறினதில்ல, அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார், இத யாருமே கேக்கலையா என்றார், இடது கை முதலில் முறுக்கினால் தலையில் வலது பக்கம் ஓர் இடத்திலிருந்து கிளம்புகிறது என்று அர்த்தமாம், ஓர் இடம் என்றால் அந்த இடத்தைத் தேடலாமாம், ரெண்டு மருந்து சரியா குடுத்தும் நிக்கலன்னா அப்பவே தேடியிருக்கணும்மா என்றார். இருபத்திரண்டு வருஷம் என் கையில் எழுதியிருந்ததை ஒருத்தரும் வாசிக்கவில்லை, எழுதியது அண்ணன், அவன் சாவிக்கு நான் கடன்பட்டுவிட்டேனே என்று வயிறு எரிந்தது. இரும்பு ஒண்ணும் நிறுத்தல சார், அது ரெண்டு நிமிஷத்துல தானா நிக்கும், ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும் என்றார் டாக்டர், அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இருவத்திரண்டு வருசமா நான்தான் மேடம் நிறுத்திக்கிட்டு வாரேன் என்றான், எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன், பாவி நான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்து, தலையெல்லாம் ஒயர் ஒட்டி, எதிரே கேமரா வைத்து, மாத்திரையைக் குறைத்து, வரட்டும் என்று காத்திருந்தார்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக வலிப்பை வா என்று கூப்பிட்டார்கள், சனியன், கூப்பிட்டால் வராது, இரண்டு நாள் வரவில்லை, மூன்றாம் நாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது ராட்டினம் இறங்கியது, இந்த அறைக்கு நான் முன்பே வந்திருக்கிறேன், இதே சட்னி, இதே சுவர், விழித்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன், கையைத் தேடினேன், காலி, ஒன்றும் குத்தவில்லை, போர்வை கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தது, முடிஞ்சிருச்சுக்கா, ஒண்ணர நிமிஷம்தான், ஒங்க அண்ணன் சாவியோட ஓடிவந்தாரு, நான்தான் விடல என்றாள் நர்ஸ்.

ஸ்கேன் படத்தில் இருந்தது, வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே சின்னத் தழும்பு, அறுவை சிகிச்சை செய்யலாம், நூத்துல அறுபது எழுபது பேருக்கு நின்னுருது, நிக்காமலும் போகலாம், ஆபத்தும் இருக்கு, யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க என்று சம்மதத் தாளை என் முன்னால் வைத்துவிட்டு டாக்டர் வெளியே போனார், அண்ணன் தாளை எடுத்து மடித்தான், மண்டையத் தொறக்கணும்ங்காங்கட்டி, பேச்சு போயிட்டா, ஆளே போயிட்டா, இப்ப என்ன கொறஞ்சு போச்சு, நான் இல்லையா என்றான், இருக்க, அதான் என்றேன், நின்னுட்டா மட்டும் என்ன செய்வ என்று கேட்டான், கேட்டபிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது, நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன் என்றா கேட்டான், அவன் என்ன செய்வான் என்றல்லவா கேட்டான், கல்யாணம் வேண்டாம் என்றவன், கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு ஓடிவருகிறவன், கதவுக்கு வெளியே இருமுகிறவன், அவனை அடிக்கத்தான் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, இரண்டையும் செய்யவில்லை. அண்ணே, சாவியக் குடு என்றேன். அவ்வளவுதான், முகம் வெளுத்துவிட்டது, வருதா, வருதாட்டி என்று கொத்தை உருவி என் இடது கையில் திணித்து விரல்களை மடக்கினான், வலித்தது, இத்தனை வருஷத்தில் அது திணிக்கப்படும்போது நான் இருந்தது இதுதான் முதல் தடவை, வரலண்ணே, நான் இங்கதான் இருக்கேன் என்று கையை விடுவித்துக்கொண்டேன், தாளைப் பிரித்து மேசையில் விரித்தேன், ஃபேன் காற்றில் அது துள்ளியது, ஏழு சாவியையும் தூக்கி அதன் தலைமாட்டில் வைத்தேன், அசையாமல் கிடந்தது, பேனாவை எடுத்து என் பெயரை முழுதாக எழுதினேன், நிமிர்ந்து பார்த்தபோது அண்ணனின் கை மடங்கியபடியே நின்றது, அதற்குள் ஒன்றும் இல்லை.