அலுமினியப் பசை

2007 ஜூலை 24, செவ்வாய்க்கிழமை காலை, சிவகாசியில் விஸ்வநத்தம் சாலையை ஒட்டிய ஒரு வாடகை அறையில் பாண்டிச்செல்வியின் லேப்டாப் தானாக அணைந்தது. அன்று அது மூன்றாவது முறை.

அவள் அதன் அடியில் கைவைத்துப் பார்த்து, சுட்ட விரலை உதறினாள். பன்னிரண்டு காலண்டர் படங்களில் ஏழுதான் முடிந்திருந்தன. ஆடிப் பதினெட்டு அன்று அச்சகங்கள் அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடும். அதைப் பார்த்துத்தான் வெளியூர் ஏஜெண்டுகள் ஆர்டர் கொடுப்பார்கள். அதற்குள் அச்சாக வேண்டுமென்றால் இந்த வாரமே படங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ரத்தினசாமியின் அச்சகத்தில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவள், சித்திரையில்தான் வெளியே வந்து தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள். இதுதான் முதல் வேலை. கொடுத்தவரும் ரத்தினசாமிதான். இது சொதப்பினால் மறுபடி அவரிடமே ஆபரேட்டராகப் போக வேண்டியதுதான்.

லேப்டாப் யாரோ பயன்படுத்தி விற்றது. பெரிய படத்தைத் திறந்தால் திரை உறைந்து நிற்கும். போன வாரம் அவள் தம்பி முனியராஜ், பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், பழைய பிராசஸரைக் கழற்றிவிட்டு மதுரையில் வாங்கிய வேகமான ஒன்றைப் பொருத்தினான். அத்தோடு விடவில்லை. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் இரண்டு துளைகளை முடி கனமுள்ள செப்புக் கம்பியால் இணைத்து, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலும் மூன்றில் ஒரு பங்கு ஏற்றினான். இரண்டு நாள் வேலை பறந்தது. பிறகு சூடு. உள்ளே இருந்த விசிறி பழைய பிராசஸருக்கு அளவெடுத்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தம்பி கடைக்குப் போனாள்.

"கம்பிய எடுத்துருதேன்க்கா. அணையாது."

"வேகம்?"

"குறையும். ஆனா பழசுக்கு இது தேவலை."

"ஏலே, இன்னும் அஞ்சு படம் கெடக்கு. கம்பியில கைய வைக்காத."

"அப்ப பசை மாத்தணும். எங்கிட்ட தீந்துபோச்சு. மதுரையில சொல்லியிருக்கேன், ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாளா? வெளங்கும்."

பிராசஸரின் சூட்டை மேலே உள்ள செப்புத் தகட்டுக்குக் கடத்துவதற்காக நடுவில் பூசுவது அந்தப் பசை. காலி டியூபைப் பிதுக்கி, வந்த துளியை விரலில் தேய்த்தாள். பளபளக்கும் சாம்பல் நிறம். அச்சங்குளத்தில் பட்டாசு வேலை முடித்து வரும் அவர்கள் அப்பா நாகையாவின் காது மடலில் தினமும் ஒட்டியிருக்கும் நிறம்.

"இது அலுமினியப் பொடிதானலே?"

முனியராஜும் தேய்த்துப் பார்த்தான். கடை வைக்கும் முன் பட்டாசுக் கெமிக்கல் டிப்போவில் மூடை தூக்கியவன்.

"அப்படித்தான் தெரியுது."

"பெயிண்டு கடையில விக்கான். கிரீஸ்ல கொழைச்சுப் பூசு."

"அதுல கரண்டு பாயும்க்கா."

"நீ பூசுறது மேல. பின்னு இருக்கது கீழ."

"பேசாம நீயே ரிப்பேர் கடை வச்சிருக்கலாம்."

"வச்சிருந்தா நீ இன்னும் மூடைதான் தூக்கிட்டு இருப்பே."

அவன் சிரித்தான். பெயிண்டு கடையிலிருந்து பொடியும் சைக்கிள் கடையிலிருந்து கிரீஸும் வந்தன. குழைத்துப் பூசி மூடியதும், திரையில் சூட்டைக் காட்டும் எண் தொண்ணூற்றைந்திலிருந்து எழுபத்தைந்துக்கு இறங்கியது.

அன்று சாயங்காலம் லேப்டாப் அணையவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் ஒன்பதாவது படம் முடிந்தது. ஆனாலும் அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எண்ணைப் பார்ப்பாள். விசிறிச் சத்தத்துக்குக் காது கொடுப்பாள். தம்பிக்குப் போன் போடுவாள்.

"எழுபத்தெட்டு ஆயிருச்சுலே."

"சரி."

"எண்பது."

"கிரிக்கெட் ஸ்கோரா சொல்லுதே? வேலையப் பாருக்கா."

ரத்தினசாமியும் போன் செய்தார். "என்ன பாண்டிச்செல்வி, படம் எந்த மட்டுல இருக்கு? ஒன் எடத்துல ஆள் போடாமத்தான் வச்சிருக்கேன்."

"தாராளமாப் போடுங்க அண்ணாச்சி."

பத்தாவது படத்தைத் தொடங்கியபோது திரை இருண்டது. விசிறி நின்றது. கருகிய வாடை வந்தது. எத்தனை முறை அழுத்தியும் உயிர் வரவில்லை.

முனியராஜ் அறைக்கே வந்து கழற்றிப் பார்த்தான். சூட்டில் இளகிய கிரீஸ் பொடியோடு ஓரத்தில் வழிந்து, சாக்கெட்டுக்குள் இறங்கியிருந்தது. அதன் பக்கத்தில் போர்டு கறுத்திருந்தது.

"போர்டு போச்சுக்கா. ஹார்டு டிஸ்க் தப்பிச்சிருச்சு."

"கம்பிய எடுத்திருந்தா?"

அவன் ஸ்க்ரூக்களைப் பொறுக்கினான்.

ஹார்டு டிஸ்கைத் துணியில் சுற்றி அச்சகத்துக்கு எடுத்துப் போனாள்.

"மூணு படம்தான் அண்ணாச்சி பாக்கி. இங்கன உக்காந்து முடிச்சுத் தந்துருதேன்."

"சீசன்ல வெளியாளுக்கு மிஷின் தர முடியாதும்மா. நம்ம ஆளா இருந்தா இப்பவே உக்காரு."

"படம் முடியுற மட்டும்..."

"ஆல்பத்துக்காகச் சேந்துட்டு மறுநாள் போறதுன்னா வேண்டாம். அடுத்த சித்திரை வரைக்கும் இருக்கணும்."

அவள் ஹார்டு டிஸ்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். வெளியே போய்த் தம்பிக்குப் போன் செய்தாள். வேறு லேப்டாப் எதுவும் கைவசம் இல்லை என்றான். திரும்பி வந்து, "சரி அண்ணாச்சி" என்றாள்.

ஆகஸ்ட் 3 அன்று ஆல்பம் வெளியானது. பன்னிரண்டு படங்களும் அதில் இருந்தன. மாதக் கடைசியில் பாண்டிச்செல்வி விஸ்வநத்தம் சாலை அறையைக் காலி செய்தாள்.