இரண்டாவது பிடி

கிணற்றுத் துலாவின் நுனியில் குந்தியிருக்கும் காகம் இறங்கி வருவதாயில்லை, மதிலின் மேல் வாழையிலைத் துண்டில் சோறு ஆவி பறக்க இருக்கிறது, சோற்றின் மேல் பருப்பு, பருப்பின் மேல் பொரித்த காத்தோட்டிக்காய், எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ, காலையிலிருந்து தண்ணீர் தவிர ஒன்றும் படாத வயிறு முதுகோடு ஒட்டிக்கிடக்க, சனியன் பிடித்த காகமே வந்து தின்று தொலையேன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நிற்கிறேன், காகம் தொட்டால்தான் எங்களுக்கு இலை விழும், ஐயா கீரிமலைக் கேணியில் முழுகி வந்த ஈர வேட்டியோடு மதிலடியில் நின்று இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கூப்பிடுகிறார், கா கா என்று எல்லாரும் கூப்பிடுவதுபோல இல்லை, கடைசிக் காவை மேலே தூக்கி இழுத்து, சந்தியில் போகும் ஆளை மறித்துக் கூப்பிடுவதைப்போல, வாங்கோ அப்பு, வாங்கோ, அது முதல் பிடிக்கு, அவருடைய தகப்பனுக்கு, பிறகு பக்கத்தில் இன்னொரு பிடி வைத்துவிட்டு, குரலைத் தணித்து, வா மச்சான், ஏன் மச்சான் நிண்டு பாக்கிறாய், வா. நான் விழுந்து விழுந்து சிரிப்பேன், காகத்தை மச்சான் என்று கூப்பிடுகிற ஆள் ஏழாலையிலேயே எங்கள் ஐயா ஒருவர்தான், அவரும் சிரிப்பார், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்.

ஆடி அமாவாசை தகப்பனைப் பறிகொடுத்தவர்களின் விரதம் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தங்கச்சி வதனி காலையிலேயே பிட்டும் வாழைப்பழமும் குழைத்து என் முன்னால் வைத்துத்தான் சாப்பிடுவாள், அம்மாவும் சாப்பிடுவாள், அம்மாவின் தகப்பன் அப்போது குத்துக்கல்லாட்டம் உயிரோடிருந்தார், பட்டினி கிடப்பது ஐயாவும் நானும் மட்டும், ஏனம்மா எனக்கு மட்டும் சாப்பாடு இல்லை, ஐயா உயிரோடைதானே இருக்கிறார் என்று அழுவேன், உனக்கு நேர்த்தியடா குஞ்சு, கைக்குழந்தையா இருக்கேக்கை வலிப்பு வந்து கண் சொருகிப் போட்டாய், வருசா வருசம் ஐயாவோடை சேந்து இந்த விரதம் பிடிப்பான் எண்டு நகுலேஸ்வரருக்கு நேந்துதான் உன்னைக் காப்பாத்தினனான், இப்படித்தான் அம்மா சொன்னாள், ஒரு தடக்கல் இல்லாமல், கண் கூடக் கலங்காமல், நான் நம்பினேன், நம்பியது மட்டுமா, பெருமையாகப் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்னேன், எனக்கு வலிப்பு வந்தது ரீச்சர், நான் ஸ்பெசல் விரதம், ரீச்சர் என் தலையைத் தடவிவிட்டார், அந்தக் கை இன்றைக்கு நினைத்தாலும் தலையில் சுடுகிறது, ரீச்சருக்கும் தெரிந்திருக்கிறது, கடைக்காரருக்கும் தெரிந்திருக்கிறது, காத்தோட்டிக்காய் விற்கிற கிழவிக்கும் தெரிந்திருக்கிறது, ஊரே வாயை மூடிக்கொண்டு என் தலையைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறது.

ஐயாவுக்குச் சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை, பள்ளிக்கூடத்தில் என் பெயருக்கு முன்னால் நின்றது அவருடைய தில்லையம்பலத்தின் முதலெழுத்து, அவருடைய நடை எனக்கு வந்தது, நின்றால் இடுப்பில் ஒரு கை வைக்கும் பழக்கம் வந்தது, கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவது வந்தது, அச்சு அசல் தில்லையன் என்று ஆட்கள் சொல்லும்போது அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருப்பார், துடைத்து முடியவே முடியாது, இதெல்லாம் அப்போது பார்த்தேனா, இல்லை இப்போது ஏமாந்தவனின் கண்ணால் திரும்பிப் போய்ப் பார்க்கிறேனா, தெரியவில்லை, கனவிலும் அவர் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார், கடைக்குள் யாரோ இன்னொருவர் முதுகு காட்டிக் குந்தியிருந்து சில்லுக்குக் காற்றடிக்கிறார், ஆர் ஐயா அது என்று கேட்கிறேன், முகத்தைப் பார்க்காமலே விழித்துவிடுகிறேன்.

கல்யாணம் செய்து கரவெட்டியில் மனைவி சுகந்தியின் சீதன வீட்டில் குடியிருந்த முதல் வருசம், ஆடி அமாவாசைக்கு இஞ்சை வந்திடு, அங்கை நிக்காதை என்று அம்மா பலமுறை சொல்லியிருந்தாள், சுகந்திக்கு மசக்கை, வாந்தி, விட்டுவிட்டு வர மனமில்லை, விரதம்தானே, எங்கே இருந்து பிடித்தால் என்ன என்று நினைத்துவிட்டேன், காலையில் மாமி பிட்டுக் கோப்பையை வைக்க, வேண்டாம் மாமி, நான் இண்டைக்கு விரதம் என்றேன், மாமியின் கை அப்படியே நின்றது, மாமா முழுகிவிட்டு விபூதி பூசிக்கொண்டிருந்தவர் திரும்பினார், என்ன விரதம் தம்பி, ஆடி அமாவாசை மாமா, தகப்பன் உயிரோடை இருக்கேக்கை பிள்ளை அமாவாசை பிடிக்கிறதோ, உங்களுக்கென்ன விசரோ, அந்தாளின்ரை ஆயுளுக்கு நீங்களே உலை வைக்கிறியளோ, நான் சிரித்துக்கொண்டு நேர்த்திக் கதையைச் சொன்னேன், பாதியிலேயே என் சிரிப்பு எனக்கே விளங்காமல் போயிற்று, மாமா விபூதித் தட்டைக் கீழே வைத்தார், தம்பி, காவடி எடுக்க நேருவினம், மொட்டை போட நேருவினம், இருக்கிற தகப்பனைச் செத்தவனாக்கி நேருற தாய் உலகத்திலை இல்லை, போய் வீட்டிலை கேளுங்கோ. சுகந்தி கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள், நான் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன், பஸ் யன்னலோரம் தோட்டங்கள் ஓடுகின்றன, புகையிலை, வெங்காயம், மரவள்ளி, வயிறு பசிக்கிறது, ஆருக்காகப் பசிக்கிறது என்று முதன்முதலாக என் வயிற்றைப் பார்த்துக் கேட்கிறேன்.

வீட்டுக்குள் நுழைகையில் உச்சி வெயில், மதிலில் காகம் தின்றுவிட்டுப் போயிருந்தது, உள்ளே இரண்டு இலை, ஒன்றின் முன்னால் ஐயா சோற்றில் கை வைக்காமல் குந்தியிருக்கிறார், மற்றது வெறும் இலை, நான் வருவேனோ மாட்டேனோ தெரியாமல் எனக்குப் போட்ட இலை, தண்ணீர் தெளித்து வைத்திருந்தது, அது காய்ந்தும் போயிருந்தது, நான் ஆருக்கு அம்மா விரதம் பிடிக்கிறன் என்று கேட்டேன், அம்மாவின் அகப்பை பானையில் முட்டி நின்றது, இரு மகன், முதல்லை சாப்பிடு, பேந்து கதைப்பம் என்றார் ஐயா, ஆருக்கு என்றேன் மறுபடியும், அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சுவரோடு சரிந்தாள், சொல்லிவிட்டாள், அருளம்பலம் எண்டு, ஐயாவின்ரை சிநேகிதன், ரெண்டு பேருமாத்தான் கடை போட்டவை, நீ வயித்திலை இருக்கேக்கை காய்ச்சல் வந்து, ஒரு கிழமைதான் மகன், ஒரு கிழமையிலை ஆள் முடிஞ்சுது, என்னை ஒருத்தரும் ஏத்துக்கொள்ளேல்லை, இவர்தான், இவரின்ரை சனத்தோடை எல்லாம் பகைச்சுக்கொண்டு என்னைக் கட்டினவர், வதனி அறைவாசலில் நின்று அழுதாள், அவள் அழுத விதத்திலேயே தெரிந்தது அவளுக்கும் தெரியுமென்று, உனக்கு எப்பவடி தெரியும், நீ மட்டும் ஏன் பட்டினி கிடக்கிறாய் எண்டு சின்னனிலை கேட்டனான் அண்ணா, அம்மா சொன்னவ, உன்னட்டைச் சொன்னா செத்துப்போவன் எண்டு சத்தியம் வாங்கினவ. எனக்குப் பிறகு பிறந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது நான் யாரென்று, எனக்குத் தெரியவில்லை, அந்தக் கணத்தில் அந்த வீட்டில் நான் ஒருவன்தான் அந்நியன், பாத்திரம் பண்டம் எல்லாவற்றுக்கும் என்னைவிட உரிமை இருந்தது.

என்னைச் சுட்டது அதுகூட இல்லை, தகப்பன் வேறு ஆள் என்பது ஒரு செய்தி, அழுதுவிட்டுத் தாங்கியிருப்பேன், நான் கேட்டேன், சரி, சொல்லாமல் விட்டியள், அப்ப ஏன் விரதம் பிடிக்க வைச்சியள், ஒண்டுமே தெரியாமல் என்னை உங்கடை பிள்ளையா வளத்திருக்கலாமே, அம்மா நிமிர்ந்தாள், நானில்லை, நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான், இவர்தான் கேக்கேல்லை. ஐயா இலையைப் பார்த்தபடியே பேசினார், அவனுக்கு நீ ஒருத்தன்தான் இருக்கிறாய், அவன்ரை பொஞ்சாதியை எடுத்தன், பிள்ளையை எடுத்தன், பேரையும் மாத்திப் போட்டன், வருசத்திலை ஒருநாள் அவனுக்கு வாற ஒருவாய்ச் சோத்தையும் நான் எப்பிடி மறிக்கிறது. ஊர் கேட்டால் கும்பிடும், எனக்கு வயிறு எரிந்தது, மச்சான் மச்சான் என்று அவர் கூப்பிட்ட ஒவ்வொரு ஆடியிலும் என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, இவன் என் பிள்ளையில்லை, உன் பிள்ளை என்று செத்தவனிடம் கணக்கு ஒப்படைத்திருக்கிறார், நான் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன், என் வயிற்றைக் காயவைத்தே என்னைத் தள்ளி வைத்திருக்கிறார், அப்ப நீங்கள் எனக்கு ஆர் என்று கத்தினேன், ஒரு சொல், நான் உன்ரை ஐயாடா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் காய்ந்த இலையில் குந்தியிருப்பேன், அவர் வாயெடுத்தார், உதடு அசைந்தது, சோறு ஆறுது மகன் என்றார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியேறினேன்.

பிறகு பேச்சுவார்த்தை இல்லாமலில்லை, மகள் பிறந்தாள், அவர் வந்து தூக்கினார், மூன்று சில்லு வைத்த சின்னச் சைக்கிள் செய்து கொடுத்தார், ஆனால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நான் காலையிலேயே ஏழாலைக்குப் போய், அவர் முன்னால், அம்மாவிடம் பிட்டுக் கேட்டு வாங்கி வயிறுமுட்டச் சாப்பிட்டேன், அவர் பட்டினியாக இருந்து பார்த்துக்கொண்டிருப்பார், செத்தவன்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பார், என் தகப்பன் உயிரோடிருக்கிறார், அதனால் சாப்பிடுகிறேன், அதை எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அவருக்குப் புரிந்ததா தெரியாது, நான் விளக்கப் போகவில்லை, ஒரு ஆயுசு முழுவதும் எனக்கு எதையும் விளக்காதவருக்கு நான் ஏன் விளக்க வேண்டும், உச்சிக்கு எழுந்துபோய் மதிலில் இரண்டு பிடியையும் அவரே வைப்பார், வா மச்சான் என்பார், குரல் வருசத்துக்கு வருசம் நடுங்கியது.

ஐயா போய், வருச முடிவின் ஆட்டைத் திவசமும் முடிந்து, இன்றைக்கு அவருக்காக நான் பிடிக்கிற முதல் ஆடி அமாவாசை, கீரிமலையில் முழுகிவிட்டு வந்து ஈர வேட்டியோடு மதிலடியில் நிற்கிறேன், பசிக்கிறது, இந்தப் பசி யாருக்கென்று எனக்குத் தெரியும், துலாவின் நுனியில் ஒரு காகம், வதனி சோற்றுச் சட்டியோடு வந்து நின்று தயங்கித் தயங்கிக் கேட்கிறாள், அண்ணா, ஒரு பிடியோ, ரெண்டு பிடியோ. பஸ்ஸிலேயே முடிவு செய்து வந்தேன், ஒன்று, முகம்கூடத் தெரியாத ஆளுக்கு நான் ஏன், இனி நான் என் தகப்பனுக்கு மட்டும்தான், சொல்ல வாயெடுக்கிறேன், தண்ணீர் தெளித்துக் காய்ந்த அந்த இலையும் அதற்குப் பக்கத்தில் சோற்றில் கை வைக்காமல் காத்திருந்த மனிதரும் கண்ணில் வருகிறார்கள், இந்த நாளில் மச்சானுக்கு வைக்காமல் அவர் ஒருபோதும் தனியச் சாப்பிட்டதில்லை. ரெண்டு என்கிறேன், குரல் கோபமாகத்தான் வருகிறது, கோபம் இன்னும் தீரவில்லை, வதனி அள்ளித் தருகிறாள், முதல் பிடியை வைத்து வாங்கோ ஐயா என்கிறேன், காகம் தலையைச் சரித்துப் பார்க்கிறது, இரண்டாவது பிடியை வைத்துவிட்டு நிற்கிறேன், அந்த ஆளை என்னவென்று கூப்பிடுவது, அப்பா என்று வாய் வரவில்லை, வரவும் வராது, கைகளை வாயருகே குவிக்கிறேன், ஐயா, உங்கடை மச்சானையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, கா, கா, கடைசிக் கா ஐயாவுடையதைப்போல மேலே எழும்பி இழுபட்டுப் போகிறது, நான் இழுக்கவில்லை, அது தானாகப் போகிறது, காகம் சிறகை உதறிக்கொண்டு இறங்குகிறது, குசினிக்குள் சட்டியொன்று விழுகிறது, அம்மா தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து, என்னைத் தாண்டி, மதிலடியில் வேறு யாரோ நிற்கிறார்களா என்று தேடுகிறாள்.