துணிதான் மட்டமாம்

தம்பியின் தலையில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதுமே தையல்காரிக்குச் சுருக்கென்றது. போன வருடம்தான் மண்டையைத் திறந்து, சுருங்கிப்போன ரத்தக் குழாய்க்கு மாற்றுவழியாக வேறொரு குழாயை இணைத்துத் தைத்தார்கள். பைபாஸ் என்றார்கள். பயலும் ராஜா மாதிரி எழுந்து நடந்தான். இப்போது என்னடாவென்றால், அதே பக்கத்தில் குழாயின் சுவர் பலூன் மாதிரி உப்பியிருக்கிறதாம். வெடித்தால் ஆளே போய்விடுவானாம்.

"தையல் சரியாத்தான் இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. "சில பேருக்குப் பரம்பரையாவே குழாய்ச் சுவர் பலவீனமா இருக்கும். மரபணுவுல ஒரு சின்ன மாற்றம். பைபாஸுக்கு அப்புறம் இப்படி வீங்க அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சந்தேகப்படறோம். கூடப்பிறந்தவங்க, நீங்களும் ரத்தம் குடுங்க. பார்த்துடலாம்."

அடேயப்பா! இந்தப் பேச்சு அவளுக்குத் தெரியாதா என்ன? அக்குள் பிரிந்த சட்டையோடு கடைக்கு வந்து சண்டை பிடிப்பவர்களிடம் அவளே வருடக்கணக்காகச் சொல்வதுதான். தையலில் ஒரு குறையுமில்லை, உங்கள் துணிதான் மட்டம். அதில் பாதி பச்சைப் பொய். ஊசி பிடிக்கிற கை எல்லாம் ஒரே கைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தாய் தகப்பன் இல்லாத வீடு. அக்கா சரி என்று சொன்னால்தான் தம்பி ஆபரேஷனுக்குப் படுப்பான், இல்லையென்றால் மாட்டான். அவன் உயிர் அவள் வாயில் இருந்தது.

தம்பி மனைவியைக் கடைக்கு வரவழைத்து, மெஷினை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குப் பதிலா நீ போய் ரத்தம் குடு. என் பேரையே சொல்லு. நீ வேற வீட்டுப் பொண்ணு. உன் ரத்தத்துலயும் அந்தக் குறை இருக்குன்னு சொல்லட்டும், குட்டு வெளிப்பட்டுடும்."

"வேணாம் அண்ணி. அவர் உயிரோட விளையாடறதா இருக்கு."

"அவன் உயிருக்காகத்தாண்டி சொல்றேன்!"

ரத்தம் எடுக்கிற இடத்தில் பெயரைக் கேட்டார்கள், தம்பி மனைவியும் அண்ணியின் பெயரைச் சொன்னாள். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முடிவு வரும்வரை தையல்காரி ஆபரேஷனுக்குச் சரி சொல்லவில்லை; எதைப் பார்த்தாலும் அவளுக்குச் சந்தேகம். ஸ்கேன் அறைக்காரன் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் தலைவலி என்றால் மட்டும், வெயில் என்று சொல்லிவிடுவாள். வீட்டில் தம்பி தலையைப் பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் அவன் மனைவி இவளை ஒரு பார்வை பார்ப்பாள்.

முடிவு வந்த அன்று இரண்டு பெண்களும்தான் போனார்கள். டாக்டரம்மா கதவைச் சாத்தினார்.

"தம்பிக்கு அந்த மாற்றம் இருக்கு. உங்களுக்கு இல்ல."

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்த தையல்காரி இதை எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்கிறவர்கள் இப்படியா சொல்வார்கள்?

டாக்டரம்மா தயங்கினார். "இன்னொரு விஷயம். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. ரெண்டு ரத்தமும் அக்கா தம்பி ரத்தம் மாதிரியே இல்லம்மா. உங்க வீட்டுல யாரையாவது தத்து எடுத்து வளர்த்தாங்களா?"

"தத்தா? ரெண்டு பேரும் எங்கம்மா பெத்த பிள்ளைங்க!" என்று எகிறிய தையல்காரி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது என் ரத்தம் டாக்டர்," என்றாள் தம்பி மனைவி.

டாக்டரம்மா திட்டியிருந்தால் தேவலை. முடிவுத் தாளை மூடி வைத்துவிட்டு, "ஏம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க பொய் சொல்றீங்களோன்னு..." என்று தையல்காரி இழுத்தாள்.

"இல்ல அண்ணி." அதுவரை உரக்க ஒரு வார்த்தை பேசாத பெண்ணின் குரல் உயர்ந்தது. "பொய்யக் கண்டுபிடிக்கணும்னா ரெண்டு பேருமே குடுத்திருக்கலாம். நீங்க கையையே நீட்டல. உங்க பொண்ணு தினம் தலைவலின்னு பள்ளிக்கூடம் விட்டு வந்து சுருண்டு படுத்துக்கறா. வெயில், வெயில்னு நீங்களும் சொல்லிட்டே இருக்கீங்க. உங்களுக்கு இவங்க மேல சந்தேகம் இல்ல, உங்க ரத்தத்துல இருந்தா அவளுக்கும் வந்திருக்குமோன்னு பயம். உங்க பயத்துல என் புருஷன இவ்வளவு நாள் காக்க வெச்சுட்டீங்க."

தையல்காரிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பயம்தான். முதல் நாளிலிருந்தே பயம்தான்.

"அவனுக்கு உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க," என்றாள். ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு, கையை மேசைமேல் நீட்டினாள். "என் பொண்ண எப்ப கூட்டிட்டு வரட்டும் டாக்டர்?"