வியர்வை மட்டும் நடிக்க வராது

உரிமம் வாங்கிய பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை, படுத்துக்கிடப்பது.

கேலியில்லை, அதற்குச் சம்பளம் உண்டு. ஆம்புலன்ஸில் போகும் பாராமெடிக்குகளுக்குப் பயிற்சிக் கூடத்தில் பாதிப் பாடம் பொம்மையை வைத்து நடக்கும், மீதிப் பாடம் மனிதரை வைத்து. பொம்மையின் மார்பைச் சரியான ஆழத்துக்கு அழுத்தினால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அழகான ஏற்பாடு. ஆனால் பொம்மை காலைத் தொட்டால் அலறாது, என்ன கிழமை என்று கேட்டால் உளறாது, வாந்தி வருகிறது என்று பயமுறுத்தாது. அதற்கெல்லாம் ஓர் ஆள் வேண்டும். எந்தக் கூடத்தில் படித்து உரிமம் வாங்கினாளோ, அதே கூடத்தில் அந்த ஆள் இப்போது அவள்தான். எல்லோரும் அவளைப் 'பேஷண்ட்' என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

வேலையை ஏனோதானோவென்று செய்பவள் இல்லை. சோளமாவோடு சிவப்புச் சாயம் கலந்தால் பாதி ரத்தம்தான் ஆகும். ஒரு சிட்டிகை காபித்தூள் விழுந்தால்தான் அது முழு ரத்தம். உதட்டில் பவுடரைத் தேய்த்தால் ஆள் வெளிறிப்போவாள். வலிப்பும் மூச்சுத்திணறலும் மயக்கமும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வியர்வை மட்டும் நடிக்க வராது. கண்ணீரைக்கூட முக்கி முனகி வரவழைக்கலாம், வியர்வை யார் சொல்லையும் கேட்காது. அதற்காக ஒரு சின்னத் தெளிப்பான் பாட்டில் எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். முடி வெட்டும் கடையில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே, அந்த மாதிரி. மாணவர்கள் உள்ளே வருவதற்குச் சற்று முன் நெற்றியில் இரண்டு அடி.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அவளை வைத்து நன்றாகப் பழகியவர்கள் நன்றாகத் தேறினார்கள். தேறியவர்கள், வேலைக்காக அவள் நின்ற அதே வரிசையில் வந்து நின்றார்கள். தனக்கான போட்டியைத் தானே படுத்துப் படுத்து வளர்த்தாள்.

வரிசை ஏன் நகரவில்லை என்பது எளிய கணக்கு. ஆம்புலன்ஸ் நிறுவனங்கள் அனுபவம் கேட்டன; அனுபவமோ ஆம்புலன்ஸுக்குள் மட்டும்தான் கிடைக்கும். பயிற்சிக் கூடங்கள் ஆட்களை உருவாக்கும் வேகத்தில் யாரும் வண்டி வாங்கவில்லை.

வீட்டில் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. சித்தி போன் செய்து மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "படுத்திருக்கா" என்பாள். உடம்புக்கு என்ன என்று சித்தி பதறினால், "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆபீஸ்ல படுத்திருக்கா" என்று விளக்குவாள். அதற்குப் பிறகு சித்தி மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

அண்ணனுக்குச் செல்போன் உறை விற்கும் கடை. அவன் நல்லவன், நல்லவனாக இருந்ததால்தான் அவளால் தப்பிக்க முடியவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை பாரு. அதுவும் கிடைக்கலன்னா பேசாம நம்ம கடையில வந்து உக்காரு. படுக்கிறதுக்கு உக்கார்றது பிரமோஷன்தானே?"

அவளும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஒரே தடவை சீக்கிரமே வந்தது. ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனம் ஓர் ஆள் வேண்டும், அனுபவம் அவசியமில்லை என்று அறிவித்தது. அவள் விண்ணப்பித்தாள். செய்முறைத் தேர்வுக்கு நடிக்க ஆள் வேண்டுமென்று அதே நிறுவனம் பயிற்சிக் கூடத்தைக் கேட்க, கூடம் அவளையே அனுப்பிவைத்தது.

காலையில் ரத்தம் பூசும் முன்பே போய், தானும் அந்த வேலைக்கு விண்ணப்பித்திருப்பதை மேலாளரிடம் சொன்னாள். மேலாளர் கனத்த மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எல்லோரும் முடித்த பிறகு கடைசியாக அவள் செய்யலாம், அப்போது தானே நோயாளியாகப் படுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

தேர்வு வண்டிக் கொட்டகையில் நடந்தது. எண்ணெய்க் கறை படிந்த தரையில் ஒரு பாய், அதில் அவள். மேசையில் தேர்வாளராக மேலாளர், சுவரோரம் பெஞ்சில் விண்ணப்பதாரர்கள். அவர்களில் ஒருவன் அவளோடு படித்த நெட்டை; படிப்பு முடிந்த பிறகும் கூடத்துக்கு வந்து அவளை வைத்துப் பழகியவன். ஆம்புலன்ஸுக்குள் ஏறும்போதெல்லாம் தலையை இடித்துக்கொள்வான். தொழிலில் அவனுக்கிருந்த ஒரே குறை அதுதான்.

இந்தத் தேர்வு எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். நடிக்கும் ஆளுக்கு உண்மையில் நோய் இல்லை, நாடி எல்லோரையும்போலத்தான் துடிக்கும். அதனால் தேர்வுக்கு வந்தவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து "நாடி பார்க்கிறேன்" என்றால், தேர்வாளர் தன் கற்பனையிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வார். "சர்க்கரை பார்க்கிறேன்" என்றால் அதற்கும் ஓர் எண். கருவிப் பையில் இருப்பதெல்லாம் காலாவதியானவை. சர்க்கரை பார்க்கும் கருவிக்கு பேட்டரிகூட இருக்காது. இப்படியே பழகிப் பழகி, விரல் மணிக்கட்டில் இருந்தாலும் நாடியைக் காதால் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கமாகிவிடும்.

தேர்வு இழுத்துக்கொண்டே போனது. ஒருவன் மயங்கிக்கிடந்தவளைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொன்னான். அவளும் பழக்கதோஷத்தில் தள்ளிப் படுத்தாள். இன்னொருத்தி கட்டுத்துணி என்று நினைத்து அவளுடைய சட்டைக் கையை வெட்டினாள். நெட்டை மட்டும் அப்பழுக்கில்லாமல் செய்தான். அவளை வைத்துப் பழகியவன் ஆயிற்றே. மதியம் தாண்டிவிட்டது. மேசைமேல் மேலாளரின் சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே இருந்தது.

கடைசியில் அவள் முறை. ரத்தத்தைக் கழுவ நேரமில்லை. மேலாளர் பாயில் படுத்து, தானே நோயாளி, தானே தேர்வாளர் என்று அறிவித்துக் கண்களை மூடினார்.

"இடம் பாதுகாப்பா இருக்கு. கையுறை போட்டுட்டேன்" என்று தொடங்கினாள். தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். அவர் பாதிக் கண்ணைத் திறந்து, வண்டிச் சாவி எங்கே என்று குழறினார். என்ன கிழமை என்றதற்கும் சாவிதான் பதில். பெஞ்சில் இருந்தவர்கள் ரசித்துச் சிரித்தார்கள். மேலாளர் என்றால் சும்மாவா, என்னமாய் நடிக்கிறார் என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது அவளுக்கும் கேட்டது.

"நாடி பார்க்கிறேன்" என்று மணிக்கட்டைப் பிடித்துக் காத்திருந்தாள். எண் வரவில்லை. "சார், எவ்வளவு?" என்று பணிவாகக் கேட்டாள். 

நெட்டைக்கு மனசு கேட்கவில்லை. "நூத்தி இருபதுன்னு வெச்சுக்க" என்று எடுத்துக்கொடுத்தான்.

எண் கிடைத்துவிட்டதால் அவள் அடுத்ததற்குப் போயிருப்பாள். ஆனால் கை வழுக்கியது. அவர் மணிக்கட்டு ஈரமாக இருந்தது. நெற்றியிலும் முத்து முத்தாக ஈரம். தெளிப்பான் அடித்திருக்கிறார், நல்ல வேலைப்பாடு என்று தொழில்முறையில் பாராட்டிக்கொண்டே, பாட்டிலை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடினாள். பிறகு நினைவு வந்தது. பாட்டில் அவளுடைய கைப்பையில் இருந்தது.

அவள் பெஞ்சின் பக்கம் திரும்பினாள்.

"இது டெஸ்ட் இல்ல. இவருக்கு நிஜமாவே முடியல."

பெஞ்ச் தலையாட்டியது. பதற்றத்தைக்கூட எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறாள் என்று ஒருத்தி மெச்சினாள். அவள் நெட்டையை மட்டும் பார்த்தாள்.

"டேய், நடிக்கிறப்போ எனக்கு என்னைக்காவது நிஜமா வேர்த்திருக்கா?"

நெட்டை ஒரு கணம் யோசித்தான். அடுத்த கணம் எழுந்து ஓடினான். வெளியே வண்டி கழுவிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணனிடமிருந்து நிஜப் பையை வாங்கிக்கொண்டு, வாசலில் தலையை இடித்துக்கொண்டு திரும்பி வந்தான். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்தாள். அன்று அந்தக் கொட்டகையில் சோளமாவு கலக்காத ரத்தம் அது ஒன்றுதான். கருவி காட்டிய எண் ஐம்பதுக்கும் கீழே. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

மூளைக்கு உணவு சர்க்கரைதான். அது குறைந்தால் மூளை தள்ளாடும், ஆள் உளறுவார். உடம்பு ஆபத்து மணி அடிக்கும், வியர்வை கொட்டும், நாடி ஓடும். சரிசெய்வது சுலபம், ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால். சாய்த்து உட்காரவைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். விழுங்கினார். தேநீர் மேசையிலிருந்த சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

சற்று நேரத்தில் மேலாளர் மேலாளரானார். சாவியை விட்டுவிட்டு, தேர்வை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். சர்க்கரை நோய்க்கான மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டுச் சாப்பாட்டை மறந்திருக்கிறார். தனக்கு ஒன்றுமில்லை என்று அடம்பிடித்தார். குடித்த சர்க்கரை தீர்ந்துபோகும், மாத்திரை தீராது, மறுபடியும் இறங்கும் என்று அவள் பொறுமையாக எடுத்துச் சொல்லி அவரை வண்டியில் ஏற்றினாள்.

வண்டி கிளம்பியது. பின்னால் அவரும் அவளும் மட்டும். மணிக்கட்டைப் பிடித்து, "நாடி பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

முன்னாலிருந்து டிரைவர் அண்ணன் குரல் வந்தது. "யார்கிட்டம்மா சொல்ற? நீதான் எண்ணணும்."

அவளுக்குக் காது சூடானது. கடிகாரத்தைப் பார்த்து வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். விரலுக்கடியில் அது ஒவ்வொன்றாக, யாரும் சொல்லாமலே வந்தது. மேலாளர் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவமனை வாசலில் கதவு திறந்ததும், அவசரப் பிரிவு நர்ஸ் மேலாளரைத் தாண்டி வந்து அவள் தோளைப் பிடித்தார். முகமெல்லாம் ரத்தம், சட்டையில் ஒரு கை இல்லை. வேறென்ன செய்வார்?

"மெதுவா உக்காருங்க. எப்ப அடிபட்டது?"

"அடியெல்லாம் இல்ல சிஸ்டர், இது சோளமாவு. காபித்தூளும் இருக்கு. பேஷண்ட் அவர்தான்."

நர்ஸ் பின்னால் திரும்பி, தலையில் அடி, ஆள் உளறுகிறார், ஸ்ட்ரெச்சர் கொண்டுவாருங்கள் என்று அமைதியாகச் சொன்னார். ஸ்ட்ரெச்சரும் வந்தது. இரண்டு பேர் அவளைப் பூப்போலத் தூக்கப் பார்த்தார்கள்.

வண்டிக்குள்ளிருந்து களைத்த குரல் கேட்டது.

"சிஸ்டர், அவள விடுங்க. அவ எங்க ஸ்டாஃப்."

அவளை விட்டார்கள். அவள் நின்ற இடத்திலேயே நோயாளியின் வயது, என்ன நடந்தது, சர்க்கரை எவ்வளவு இருந்தது, என்ன கொடுத்தாள், இப்போது நாடி எவ்வளவு என்று வரிசையாக ஒப்படைத்தாள். குரல் ஒரே ஓர் இடத்தில்தான் பிசிறியது. 'ஸ்டாஃப்' என்ற சொல் அப்போதுதான் காதுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

மேலாளரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது கண்ணாடியை மூக்கில் ஏற்றி அவளை ஒரு முறை பார்த்தார்.

"நாளைக்குக் காலைல ஷிப்டுக்கு வந்துடு. மூஞ்சியக் கழுவிட்டு வா."

கை கழுவும் தொட்டியில் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"என்னடி, இன்னும் படுத்துட்டா இருக்க?"

"இல்லம்மா" என்றாள். "நின்னுட்டு இருக்கேன்."