ஏழாவது டெனர்

வேல்ஸ் கடற்கரையில் அபர்மெலின் கோட்டையில் சுவர் என்று சொல்ல மூன்றுதான் மிச்சம். அதற்கும் டிக்கெட் போட்டு, வாசலில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். தெக்வென் மூன்று சுவர்களையும் ஒன்று விடாமல் சுற்றிப் பார்த்தாள். ஏறக்கூடிய படிக்கட்டில் ஏறி நின்றால் கடல், கவிழ்த்துப் போட்ட படகுகள், கம்பளிக் கடை, மணிக்கூண்டு, அதற்கு அப்பால் மழை. மழை இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒரு குடும்பம் படம் எடுத்துத் தரச் சொல்லி போனை நீட்டியது. எடுத்துக் கொடுத்தாள். நன்றி சொன்னார்கள். சிரித்தாள். காலையில் பஸ் ஏறியதிலிருந்து இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒப்பேற்றியிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம்.

லீவு கிடைக்கும் நாளிலெல்லாம் இப்படித் தெரியாத ஊராகப் பார்த்துப் போய்விடுவது இரண்டு வருஷமாக அவள் வழக்கம். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை. மெஷின் இரைச்சலில் பேச வேண்டிய அவசியம் கிடையாது. ஊருக்குள்தான் தொல்லை. கழுத்தில் கட்டி என்று கத்தி வைத்து எடுத்தார்கள். கட்டி போயிற்று, உயிர் தங்கிற்று, குரல் மட்டும் கீழே இறங்கிக் கரகரவென்று நின்றுவிட்டது. சில பேருக்கு இப்படி ஆவதுண்டு, யார் மேலும் குற்றமில்லை என்றார் டாக்டர். அவளும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் போனில் எவனாவது "சொல்லுங்க சார்" என்று ஆரம்பிக்கும்போது, போனைத் தூக்கிக் கடலில் போட வேண்டும்போல இருக்கும். இல்லத்தில் காது மந்தமான கிழவர்களுக்கு மட்டும் கொண்டாட்டம். இப்போதுதான் நீ பேசுவது காதில் விழுகிறது என்று பாராட்டினார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. முப்பத்தோரு வருஷம் அவள் ஊர்ப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, பெண்களில் தாழ்ந்த குரல். அக்கா மெனா இடது பக்கம், இவள் வலது பக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே ஒரு நாள் ஒத்திகைக்குப் போனாள். வாயைத் திறந்ததும் முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல முன்னால் திரும்பிக்கொண்டார்கள். அந்தத் திரும்பலை அவளால் மறக்க முடியவில்லை. அதோடு சரி. குளிக்கும்போதுகூட முணுமுணுப்பதில்லை. குரல் மறுபடி வந்ததா என்று ஊரில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் அன்பாக விசாரிப்பார்கள். அந்த அன்புக்குப் பயந்துதான் இந்த ஊர்சுற்றல். இனி பாட்டு இல்லை என்று மனசைத் தேற்றிக்கொள்வதற்கு, தன் பழைய குரலை அறியாத ஊர்கள் வசதியாக இருந்தன.

மழை பிடித்துக்கொண்டபோது அவள் கம்பளிக் கடையைத் தாண்டியிருந்தாள். கடை பூட்டிக் கிடந்தது. எதிரே தேவாலயத்தின் கதவு விரியத் திறந்திருந்தது. குடையை உதறியபடி சனம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஆராதனை போலும், மழை விடும்வரை ஓரமாக உட்காரலாம் என்று அவளும் நுழைந்தாள். வாசலில் நின்ற பெண் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே! தெக்வென் தலையைப் பொதுவாக ஆட்டிவிட்டு, காலியாகத் தெரிந்த இடமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தாள்.

கண்ணிவெடி புதைத்த இடம் என்று தெரிந்தவர் அங்கே அடி வைப்பாரா? அவள் வைத்துவிட்டாள். புத்தகத்தைப் பிரித்து, நாலு குரலுக்கு நாலு வரியாக அடுக்கி அச்சிட்ட டோ ரே மீ ஸ்வர எழுத்துகளைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். மாடி முழுக்கப் பெண்கள். இடது பக்கம் முழுக்கப் பெண்கள். பின்னால் தடித்த கழுத்துக்காரர்கள், சந்தேகமில்லாமல் பேஸ், ஆண்களின் அடிக்குரல். இது ஆராதனை இல்லை, கமான்வா. ஊரெல்லாம் கூடி நாலு குரலில் ஞானப்பாட்டுப் பாடும் நாள். பெண்களில் சொப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்களில் டெனர், பேஸ் என்று குரல்வாரியாகத்தான் உட்காருவார்கள். கமான்வாவில் எங்கே இடம் காலியாக இருந்தாலும் அது டெனர் வரிசைதான் என்பது வேல்ஸில் பிறந்த சின்னக் குழந்தைக்கும் தெரியும். டெனர் கிடைக்காத கவலை இல்லாத ஊரே அங்கு கிடையாது. முப்பத்தோரு வருஷம் பாடியவள், அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் பக்கத்தில் ஒரு கிழவர் வந்து வழியை அடைத்துக்கொண்டார். எண்பது வயதிருக்கும். சட்டைப் பையில் புதினா மிட்டாய். அவளிடம் ஒன்றை நீட்டி, இத்வால் என்று தன் பெயரைச் சொல்லி, எந்த ஊர் என்று விசாரித்தார். வேறு வழியில்லை.

"தப்பா உக்காந்துட்டேங்க. கொஞ்சம் வழி விடுங்க, போயிடறேன்."

அந்தக் குரல் அந்தக் கூரையின் கீழ் இன்னும் கரகரவென்று கேட்டது. இப்போது முகம் மாறும் என்று காத்திருந்தாள். கிழவர் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"டெனர்ல வந்து உக்காந்த ஆளை எழுப்பி விடற அளவுக்கு எங்களுக்கு வசதி இல்லம்மா. மொத்தமே ஆறு பேரு. அதுலயும் ரெண்டு பேரு சும்மா வாயை அசைக்கிறவங்க."

"யாரைச் சொல்றே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உன்னைத்தான்டா."

தெக்வென் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் ஆல்ட்டோங்க. ஆல்ட்டோவா இருந்தேன்."

"இருந்தது இருக்கட்டும். இப்ப?"

"இப்ப ஒண்ணும் இல்ல."

"அப்படிப்பட்டவங்கதாம்மா இங்க வர்றது" என்றார் இத்வால். தன் புத்தகத்தை அவள் புத்தகத்தின் மேல் வைத்து, டெனருக்கான மூன்றாவது வரியில் ஆள்காட்டி விரலை ஊன்றிக்கொண்டார்.

ஆர்கன் தொடங்கிவிட்டது. பாட்டை நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த பெண்மணி குள்ளம், கையோ நீளம். முதல் பாட்டுக்குத் தெக்வென் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவதுக்கு உதட்டை அசைத்தாள். மூன்றாவது பாட்டு அவளுக்குத் தலைகீழ் மனப்பாடம், ஆனால் வேறொரு வரியில். இத்வாலின் விரல் நகர நகர, அந்த வரி எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தாள். அவளுடைய பழைய வரிக்கு அடுத்த வீடுதான் அது. இத்தனை வருஷம் சுவர் ஒட்டி இருந்தும் எட்டிப் பார்த்ததில்லை.

பாதியில் நடத்துபவர் கையை உயர்த்தி நிறுத்தினார். டெனர் எங்கே, மழைக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்களா என்று கேட்டார். மாடிப் பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். எந்தக் கமான்வாவிலும் இந்தக் கேலி உண்டு. தெக்வென்னே எத்தனையோ முறை ஆல்ட்டோ பக்கத்திலிருந்து சிரித்திருக்கிறாள்.

"டெனர் மட்டும். ரெண்டாவது சரணம்" என்றார் நடத்துபவர்.

ஆறு பேர், அதில் இரண்டு பேர் ஊமை. ஒளிய இடமில்லை. ஐந்நூறு பேர் காது கொடுத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. வாய் திறந்தால் அந்தத் தலைகள் திரும்பும். திரும்பினால், இதுதான் கடைசி என்று அவளுக்கே நிச்சயமாகிவிடும். அதுவும் தெரிந்துவிடட்டுமே என்று ஒரு வீம்பு வந்தது. நடத்துபவரின் கை இறங்கியது.

முதல் இரண்டு சொற்கள் காற்றாகத்தான் வந்தன. மூன்றாவது கிரீச்சிட்டது. பிறகு வரி கீழே இறங்கியது, அவள் குரல் எங்கே போய் விழுந்திருந்ததோ அந்த இடத்துக்கே இறங்கியது, அங்கே நின்றது. குரலும் நின்றது. கரகரப்புதான், ஆனால் சுருதியில் நின்ற கரகரப்பு. அவள் விடாமல் பிடித்துக்கொண்டு பாடினாள். மாடியில் சில தலைகள் திரும்பத்தான் செய்தன. திரும்பியவை முன்னால் திரும்பிக்கொள்ளாமல், யார் அது என்று கழுத்தை நீட்டித் தேடின. பின்னாலிருந்த ஊமைகூடத் துணிச்சல் வந்து சேர்ந்துகொண்டார்.

நடத்துபவர் பாராட்டவில்லை. மறுபடி என்று விரலை மட்டும் சுழற்றினார், எல்லோரும் என்று இரண்டு கைகளையும் விரித்தார்.

நாலு பக்கமிருந்தும் பாட்டு எழுந்தது. அதற்குள்ளிருந்து, இடது பக்கத்திலிருந்து, ஆல்ட்டோ வந்தது. தெக்வென் முப்பத்தோரு வருஷம் பாடிய வரி. அதற்குள்ளேயே நின்றதால் அதை அவள் ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை. யாரோ முன்பின் தெரியாத பெண்கள் அதைப் பத்திரமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அழகா இது? அவளுக்கு அழுகை வந்தது, நன்றி வந்தது, யாருக்கென்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்களுக்கு, மழைக்கு, கத்தி வைத்த டாக்டருக்கும் சேர்த்துத்தான்.

கேட்டுக்கொண்டே இரண்டு வரி தவறவிட்டுவிட்டாள். இத்வாலின் விரல் முன்னால் போயிருந்தது. அது அடுத்த சரணத்தின் தொடக்கத்தில், காகிதத்தை மெல்லத் தட்டிக்கொண்டு, அவள் வந்து சேர்வதற்காக நின்றது.