டோரின் தட்டிய ஒரு சொல்

என் புரோகிராமைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது நான் எழுதியது, இந்தக் கொன்ஸ்ரன்ஸ் எழுதியது. வெள்ளவத்தையில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பதியுதீன் நானாவின் விளம்பர அலுவலகத்தில் நான் தலைநிமிர்ந்து நடந்ததே அதனால்தான்.

அங்கே எங்கள் வேலை மரண அறிவித்தல்கள். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஈமெயிலில் வருபவற்றை ஒரு பக்கமாக்கிப் பின்னேரத்துக்குள் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். யுத்தம் திரும்ப மூண்டிருந்த காலம், பக்கத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈமெயிலில் வரும் தமிழ் எழுத்து பத்திரிகைக்காரரின் பழைய எழுத்துருவோடு ஒத்துப்போகாது. அப்படியே அனுப்பினால் செத்தவரின் பெயர் கட்டம் கட்டமாக அச்சாகும். அதை மாற்றிக் கொடுப்பதுதான் என் புரோகிராம்.

ஒரே ஒரு சங்கடம். அதை ஓட்டுவதற்குக் கறுப்புத் திரையில் முழ நீளத்துக்குக் கட்டளை தட்ட வேண்டும். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்கள் கிட்டவும் வர மாட்டார்கள்.

“நல்ல சாமான்தான் புள்ள,” என்றார் நானா ஒருநாள். “ஆனா நீங்க வராத நாளைக்கி நான் என்ன செய்ற? சென்னைக் கொம்பனி ஒண்டு ரெடிமேடா தாறாங்களாம். திங்கக்கிழமை ஆள் வாறான்.”

வராத நாள். அந்த வருஷங்களில் கொட்டாஞ்சேனையில் குடியிருந்த தமிழர் நாங்கள் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவோம். செக் பொயின்ரில் யாரை இறக்குவார்கள், யார் பின்னேரம் திரும்புவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட சனத்தில் ஒருத்தியான நான், புரோகிராமின் திறப்பை மட்டும் என் தலைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். நானா சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கோபத்தோடு உட்கார்ந்தேன். சிதறிக் கிடந்த கோப்புகளையெல்லாம் ஒரே பொதியாகக் கட்டினேன். தன்னை எந்தக் கம்பியூட்டர் மொழி ஓட்டும் என்பதை அதுவே முதல் வரியில் சொல்லும்படி எழுதினேன். நேரடியாக ஓடுவதற்கு அனுமதி கொடுத்தேன். இனி “மாற்று” என்று ஒரு சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். என் மேசையில் தட்டிப் பார்த்தேன், குதிரை மாதிரி ஓடியது.

டோரின் அக்காவைக் கூப்பிட்டேன். எங்கள் தட்டெழுத்தாளர். கீபோர்டைத் தவிர கம்பியூட்டரில் வேறெதையும் நம்பாதவர். நானாவும் பின்னால் வந்து நிற்க, அக்கா தன் மேசையில் அந்தச் சொல்லைத் தட்டினார்.

“கொன்ஸி, அப்பிடி ஒரு கட்டளையே இல்லையெண்டு சொல்லுதடி.”

நானா சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். “அப்ப நீங்க பக்கத்தில நிண்டாத்தான் ஓடும் போல,” என்றுவிட்டுப் போனார். எனக்குக் காது சுட்டது.

பிழை என்னுடையதுதான். பொதியை அலுவலகத்தின் பொதுக் கம்பியூட்டரில் என் பெயரிலிருந்த இடத்துக்குள் வைத்திருந்தேன். நான் என் பெயரைக் கொடுத்து உள்ளே போனால் மட்டுமே கம்பியூட்டர் அங்கே தேடும். பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டிய திறப்பை என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய விசரி நான். எல்லோருக்கும் பொதுவான இடத்துக்கு அதை மாற்றி வைத்தேன். அக்காவின் மேசையிலும் ஓடியது. ஆனால் அதைப் பார்க்க நானா அங்கே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதியில் பஸ்ஸை நிற்பாட்டி எல்லோரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்றிருந்தது. வடக்கு, யுத்தம் நடக்கும் பக்கம். அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. போனை வாங்கிக்கொண்டு, ஜீப்பில் ஏற்றி, பொலிஸ் நிலைய மர வாங்கில் இருத்தினார்கள்.

பயந்தேன். பயப்படவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் மத்தியானம் தாண்டியதும் என் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டது வேறு கவலை. பக்கம் போகும் நேரம். அக்கா அந்தச் சொல்லைத் தட்டியிருப்பாரா? திரும்பவும் ‘இல்லை’ என்று வந்திருந்தால் யாரோ ஒரு வீட்டுச் செத்தவீடு ஊருக்குத் தெரியாமல் போகும். திங்கட்கிழமை சென்னைக்காரன் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவான்.

வெயில் தாழ முன்னமே பதியுதீன் நானா வாசலில் நின்றார். பொறுப்பதிகாரியோடு சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார், இரண்டு தரம் கையைக் கூப்பினார். பிறகு ஒரு பொலிஸ்காரன் என் போனைத் திருப்பித் தந்தான்.

வெளியே வந்ததும் நான் முதலில் கேட்டது, “நானா, பக்கம்?”

“அது போய் எவ்வளவோ நேரம்,” என்றார் அவர். “நீங்க வரல்ல, போனும் இல்ல. டோரின் ஒரு சொல்லுத் தட்டினதும் எல்லாம் வந்திச்சி. ஒரு பேர் கூட உடையல்ல. சென்னைக்காரனுக்கு வர வேணாமெண்டு சொல்லிட்டன்.”

எனக்குக் கண் நிறைந்தது. அழுகை இல்லை, பெருமை. அதை மறைக்க, “பாத்தீங்களா, நான் இல்லாமலே ஓடுது,” என்றேன் விறைப்பாக.

“ஓடினதாலதானே புள்ள நான் பொலிஸ் பொலிஸாத் தேடி வந்தன்,” என்றார் நானா, ஓட்டோவைக் கை காட்டி நிறுத்தியபடி. “ஓடாட்டி அந்தப் பக்கத்தோட மாரடிச்சிட்டு அங்கயே நிண்டிருப்பன். நீங்களும் இன்னும் உள்ளதான்.”